வடம் பிடித்தவர்களும் வடத்தைத் தொட்டவர்களும்

ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட ஒரு பள்ளியில், எட்டாம் வகுப்பின் கடைசி வரிசையை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பாடம் நடத்தியவர் என்னிடம் படித்தவர். ஆசிரியராகி ஏழாவது வாரம். “சார், ஒரு நாள் வந்து பாருங்க. எங்கயோ தப்புது, எங்கன்னு பிடிபட மாட்டேங்குது” என்று போனில் கூப்பிட்டிருந்தார். நான் ஓய்வுபெற்றவன். கூப்பிட்டால் போய்விடுவேன்.

வகுப்பில் 41 பேர். ஐந்தைந்து பேராக எட்டுக் குழு. ஒரு குழுவில் மட்டும் ஆறு பேர். பெஞ்சுகளைத் திருப்பிப் போடவே ஆறு நிமிடம் போயிற்று. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. குழுவுக்கு ஒரு சார்ட், ஒரு பாக்கெட் ஸ்கெட்ச் பேனா. “எல்லாரும் கலந்து பேசி, பாடத்தோட சுருக்கத்தைச் சார்ட்ல எழுதுங்க” என்றார் டீச்சர்.

எனக்கு அருகில் இருந்த குழுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து அழகாக இருக்கும் பெண்ணிடம் சார்ட் தானாகப் போய்ச் சேர்ந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான் போயிருக்கும். பக்கத்தில் இருந்தவள் புத்தகத்தைப் பார்த்து வாசிக்க, இவள் எழுதினாள். மூன்றாமவன் ஓரத்தில் பூ வரைந்தான். நான்காமவன் ஜன்னலைப் பார்த்தான். ஐந்தாவது பையன் பச்சை ஸ்கெட்ச் பேனாவின் மூடியைக் கழற்றினான், மாட்டினான், கழற்றினான், மாட்டினான். பீரியட் முழுக்க அதுதான் அவன் வேலை. மணி அடிக்கும்போது எட்டு சார்ட்டும் சுவரில் ஏறிவிட்டன. போட்டோ எடுத்து அனுப்பினால் எந்த அதிகாரியும் பாராட்டுவார்.

“பாக்க நல்லாத்தான் இருக்கு சார். மறுநாள் கேள்வி கேட்டா, எழுதுன பிள்ளைக்கு மட்டுந்தான் தெரியுது” என்றார் டீச்சர்.

தேரோட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. ஆண்டாள் தேரின் வடத்தை ஆயிரக்கணக்கானோர் பிடிக்கிறார்கள். உள்ளங்கை காந்தும்வரை இழுப்பவர்கள் உண்டு. கையை வடத்தின் மேல் வைத்துக்கொண்டு கூட்டத்தோடு நடந்துவருபவர்கள் உண்டு. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒதுங்கிவிடுபவர்களும் உண்டு. தொட்டாலே புண்ணியம் என்பது கோயிலுக்குச் சரி. படிப்பில் அந்தச் சலுகை கிடையாது. பிரான்ஸ் நாட்டு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மன் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து விசையை அளந்திருக்கிறார். 1913இல் வெளியான அவருடைய கணக்கில், ஆள் கூடக் கூட ஒவ்வொருவர் இழுக்கும் விசையும் குறைந்துகொண்டே போகிறது. எட்டுப் பேர் சேரும்போது தலைக்கு ஏறத்தாழப் பாதிதான் மிஞ்சுகிறது. ஒரே நேரத்தில் மூச்சுப்பிடித்து இழுக்காதது ஒரு காரணம். ‘அதான் அவன் இழுக்கிறானே’ என்பது இன்னொன்று.

ஆனால், தேரில் வேலை செய்யாமல் இருக்கவே முடியாத ஆள் ஒருவர் இருக்கிறார். சக்கரத்தின் அடியில் சறுக்குக்கட்டை போடுகிறவர். அவர் கண் அசந்தால் தேர் யார் வீட்டுத் திண்ணையிலாவது ஏறிவிடும். அந்த நொடியில் அவர் வேலையை வேறு யாரும் செய்ய முடியாது. வகுப்பில் குழு பிரிக்கிற ஆசிரியர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: ஐந்து பேரில் எத்தனை பேர் கையில் கட்டை இருக்கிறது, எத்தனை பேர் வடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள்?

ஒவ்வொருவர் கையிலும் கட்டை இருக்கும்படி குழுவில் கற்பதற்குக் கூட்டுறவுக் கற்றல் என்று பெயர். புது டீச்சர் பி.எட். படித்தபோது பத்து மதிப்பெண் கேள்விக்கு இதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். கல்லூரியில் அதை எப்படி நடத்தினார்கள் என்று கேட்டேன். “நோட்ஸ் குடுத்தாங்க சார்” என்றார். 2015இலிருந்து பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. பள்ளியில் போய்ப் பயிற்சி எடுக்கும் வாரங்களும் கூடியிருக்கின்றன. இருந்தும், கூட்டாகக் கற்பது எப்படி என்பதை வரிசையாக உட்கார்ந்து, வாய்மூடி, தனித்தனியே மனப்பாடம் செய்து தேறிய ஒருவரிடம்தான் 41 பிள்ளைகளை ஒப்படைக்கிறோம். அவர் தவறவில்லை என்றால்தான் ஆச்சரியம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ‘கூட்டுறவு’ என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது பால் சங்கம். 2019இல் ஊரின் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு சங்கத்தின் பெருமை இன்னும் கூடிப்போனது. பால் சங்கம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். அதிகாலையில் தூக்குவாளியோடு வருகிற ஒவ்வொருவர் பாலையும் தனித்தனியாக அளக்கிறார்கள், கொழுப்பைச் சோதிக்கிறார்கள், அட்டையில் குறிக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் எல்லாப் பாலும் ஒரே கேனில் கலக்கிறது. சோதிக்காமல் முதலிலேயே கலந்தால் என்ன ஆகும் என்று எந்த மாட்டுக்காரரைக் கேட்டாலும் சொல்வார்: ஒரே வாரத்தில் கேன் முழுக்கத் தண்ணீர்தான் இருக்கும். அதற்காகக் கலக்காமலேயே விட்டால் சங்கமே இல்லை. ஒருவர் நான்கு லிட்டரை வைத்துக்கொண்டு தனியாக என்ன பேரம் பேச முடியும்? மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜான்சன், ராஜர் ஜான்சன் சகோதரர்கள் கூட்டுறவுக் கற்றலுக்கு வகுத்த விதிகளில் தலையாயவை இரண்டு. குழுவில் ஒருவர் இல்லாமல் மற்றவர் கரைசேர முடியாதபடி வேலை அமைய வேண்டும். ஒவ்வொருவரும் என்ன கற்றார் என்பதற்குத் தனிக் கணக்கும் இருக்க வேண்டும். பால் சங்கம் இந்த இரண்டையும் தினமும் காலையில் ஒரு மணி நேரத்தில் செய்துமுடிக்கிறது. எட்டாம் வகுப்பின் எட்டு சார்ட்டுகளில் இரண்டுமே இல்லை.

பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுப்பது நமக்கு வெளியிலிருந்து வந்ததும் அல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருவர், பிள்ளைகள் பலர். மூத்த பையன் சட்டாம்பிள்ளையாகி, மணலில் எழுதும் சின்னவர்களைக் கவனித்துக்கொள்வான். 1789இலிருந்து 1796 வரை சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் ஆண்பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் விடுதியில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை விட்டு மற்றவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கச் செய்தார். லண்டன் திரும்பி 1797இல் அதை நூலாக எழுதினார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளும் கட்டுரைகள் ஏராளம் வந்திருக்கின்றன. எனக்கு அந்தப் பெருமையில் பாதிதான் சம்மதம். சட்டாம்பிள்ளை வாத்தியாரின் நிழல். சொல்லிக்கொடுப்பவன் அவன், கேட்பவர்கள் மற்றவர்கள். அங்கே அதிகாரம் கைமாறியது. பங்கு பிரியவில்லை.

என் முதல் வருடம் நானும் சட்டாம்பிள்ளைகளைத்தான் உருவாக்கினேன். ‘குரூப் லீடர்’ என்று நாகரிகமாகப் பெயர் வைத்திருந்தேன். லீடர் தன் குழுவிடம் ஒப்பித்தல் கேட்டு, சரியாகச் சொன்னால் நோட்டில் டிக் போட வேண்டும். ஒரு மாதம் ஓகோவென்று போயிற்று. எல்லோருக்கும் எல்லாப் பாடத்துக்கும் டிக். அப்புறம்தான் தெரிந்தது, ஒரு டிக்கின் விலை இரண்டு நெல்லிக்காய் என்று. பால்கோவாக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவன் வருடக் கணக்குக்கு முன்பணமே கட்டியிருந்தான். சிரித்துவிட்டேன். ஆனால், அந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்தது நான்தான்.

தமிழ்நாடு இதைவிடப் பெரிய அளவிலும் முயன்று பார்த்தது. ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலி பள்ளி, சுற்றுக் கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறையைப் பார்த்துவிட்டு, ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.பி.விஜயகுமார் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கிவைத்தார். 2007-08 கல்வியாண்டில் அது மாநிலத்தின் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குப் போயிற்று. உலகத்தில் வேறெங்கும் அரசுப் பள்ளிகளில் இவ்வளவு வேகமாக இப்படியொரு மாற்றம் நடந்திருக்குமா என்பது சந்தேகம். ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிப் பாயில் உட்கார்ந்தார். சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. வகுப்புக்குக் குறுக்கே கம்பிப் பந்தல் கட்டி அவர்கள் வரைந்ததைத் தொங்கவிட்டார்கள். கற்றல் ஏணிப்படியில் தன் அட்டை எதுவென்று பார்த்துத் தானே எடுத்து வருகிற ஏழு வயதுப் பிள்ளையை முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது உண்மை. நடு வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது. வாசி, மனவரைபடம் போடு, குழுவில் பேசு, தொகு, வகுப்புக்குச் சொல் என்று படிப்படியாகப் போகும் அது.

பிறகு என்ன ஆயிற்று என்பதைத்தான் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. 2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்தார்கள். ஒன்று வரும்போது முந்தையது குடோனுக்குப் போயிற்று. என் பார்வையில் செயல்வழிக் கற்றலின் பலமே அதன் பலவீனமும். ஆறு குழுத் தட்டுகளைச் சுற்றிப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆனால், பெரும்பாலான நேரம் ஒவ்வொருவரும் அவரவர் அட்டையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அவரவர் வேகத்துக்குப் படிக்க அது அருமையான ஏற்பாடு. அடுத்தவன் தேவைப்படுகிற ஏற்பாடு அது அல்ல. மேலே இருந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படவில்லை. பாய் இருக்கிறதா, பந்தல் இருக்கிறதா, அட்டை எண்ணிக்கை சரியா என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

இதே கண்தான் 2025 ஜூலையிலும் வேலை செய்தது. கடைசி பெஞ்சே இருக்கக் கூடாது என்று, ஒரு மலையாளப் படத்தின் தாக்கத்தில், வகுப்பறைகளை ‘ப’ வடிவில் மாற்றச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. இடம் போதுமா, கழுத்து வலிக்காதா, பக்கவாட்டில் உட்காருகிறவனுக்குக் கரும்பலகை தெரியுமா என்று கேள்விகள் கிளம்பியதும் சில நாள்களிலேயே அதை நிறுத்திவைத்தார்கள். நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். பெஞ்சை நகர்த்துவது சுற்றறிக்கையால் முடியும். பிள்ளைக்குப் பிள்ளை தேவைப்பட வைப்பது முடியாது. கடைசி பெஞ்சுக்காரன் ‘ப’வின் எந்த முனையில் உட்கார்ந்தாலும் கையில் மூடியைத்தான் கழற்றிக்கொண்டிருப்பான்.

நம் டீச்சரின் அடுத்த முயற்சி இன்னும் மோசமாக முடிந்தது. ‘நாம்தான் பிரிக்கிறோம், அதனால்தான் ஒட்டவில்லை’ என்று நினைத்து, “உங்க இஷ்டம்போல அஞ்சஞ்சு பேராச் சேந்துக்கோங்க” என்று சொல்லியிருக்கிறார். இரண்டே நிமிடத்தில் குழுக்கள் தயார். பெஞ்சு இழுத்த சத்தம்கூட இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு உறைத்திருக்கிறது: எட்டுக் குழுவும் எட்டுத் தெரு. தெரு என்றால் சாதி என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. “நானே அவங்களுக்கு வழி பண்ணிக் குடுத்துட்டேன் சார்” என்று சொன்னபோது குரல் கம்மிவிட்டது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினப் பிள்ளை ஒருவன் உடன்படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் நிறக் கயிறு கட்டக் கூடாது, பெயரின் அகரவரிசைப்படி பிள்ளைகளை உட்காரவைக்க வேண்டும் என்பவையும் அதன் பரிந்துரைகள். அகரவரிசை நல்ல விதி. தெருவையும் சாதியையும் அது பார்ப்பதில்லை. ஆனால், பக்கத்தில் உட்கார்ந்தவன் வேண்டப்பட்டவன் ஆவதற்கு அகரவரிசை மட்டும் போதாது.

அதற்கு 1971இல் அமெரிக்காவில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளை, கறுப்பு, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்தார்கள். சில வாரங்களில் அடிதடி மூண்டது. உளவியலாளர் எலியட் ஆரன்சனை அழைத்தார்கள். அவர் நல்லிணக்கம் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தைகூடப் போதிக்கவில்லை. பாடத்தைத் துண்டு துண்டாக்கினார். ஒரு குழுவில் ஆளுக்கொரு துண்டு. தன் துண்டை மட்டும்தான் படிக்கலாம், மற்றதை மற்றவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், கடைசியில் முழுப் பாடத்திலும் எல்லோருக்கும் தனித்தனியே தேர்வு. ஆங்கிலம் திக்கித் திக்கிப் பேசும் பையன் ஒருவனை முதல் நாள் கேலி செய்தார்கள். ‘அவனுடைய பகுதி அவனுக்கு மட்டும்தான் தெரியும், தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கிறது’ என்று நினைவூட்டியதும், கேலியை விட்டுவிட்டு அவனிடமிருந்து விஷயத்தை வாங்குவது எப்படி என்று யோசிக்கத் தொடங்கினார்கள். அன்பு வந்ததோ இல்லையோ, நல்ல கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டார்கள். ஜிக்சா முறை என்கிறோமே, அது இதுதான். பி.எட். நோட்ஸிலும் இருக்கிறது. அது பிறந்தது சண்டையில் என்பதை மட்டும் நோட்ஸில் விட்டுவிடுகிறார்கள்.

நானும் டீச்சரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாடம் தேடினோம். புத்தகத்தில் உள்ள எதையும் துண்டு போடலாம்தான். ஆனால், முதல் தடவை பிள்ளைகளுக்கே பாதி தெரிந்த ஒன்றாக இருக்கட்டும் என்று தோன்றியது. வகுப்பில் மில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் சொந்தம் உள்ளவர்களும் இருந்தார்கள். நாடு முழுவதும் ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குச் சுற்றுகிற பேண்டேஜ் துணி தறியேறுகிற ஊர்கள் அவை. ‘பஞ்சு பேண்டேஜ் ஆவது எப்படி’ என்று எடுத்துக்கொண்டோம். ஐந்து துண்டுகள்: பருத்தியை அரைத்து விதையைப் பிரிப்பது, மில்லில் நூலாவது, விசைத்தறியில் காடாத் துணியாவது, சலவைப் பட்டறையில் வெளுப்பது, வெட்டிச் சுருட்டிக் கட்டுவது. ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம். குழுவை டீச்சரே பிரித்தார். ஒரே தெருவில் இரண்டு பேருக்கு மேல் ஒரு குழுவில் இல்லை. மூடி கழற்றும் பையனுக்கு நான்காவது துண்டு. அவனுடைய அப்பா சலவைப் பட்டறையில் வேலை பார்ப்பவர் என்று டீச்சருக்குத் தெரியும்.

ஒரே துண்டு கிடைத்தவர்கள் முதலில் ஒன்றாகக் கூடிப் படித்து, சந்தேகம் தீர்த்துக்கொண்டு, பிறகு அவரவர் குழுவுக்குத் திரும்ப வேண்டும். நான் நான்காவது துண்டுக்காரர்கள் பக்கத்தில் போய் நின்றேன். பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே மெழுகு உண்டு, காஸ்டிக் சோடாவில் வேகவைத்து அதை நீக்கினால்தான் துணி நீரை உறிஞ்சும் என்று ஒரு பெண் வாசித்தாள். யாருக்கும் புரிந்த மாதிரித் தெரியவில்லை. “அதான் காடாவுல தண்ணி நிக்கும்ல” என்றான் நம் பையன், யாரையும் பார்க்காமல். “என்னது நிக்கும்?” “தண்ணி. உருண்டையா.” டீச்சர் இரண்டு துணித் துண்டுகள் கொண்டுவந்திருந்தார். ஒன்று தறியிலிருந்து இறக்கிய காடா, இன்னொன்று வெளுத்தது. பையன் தண்ணீர் பாட்டில் மூடியில் கொஞ்சம் ஊற்றி, இரண்டின் மேலும் ஒவ்வொரு சொட்டு விட்டான். காடாவின் மேல் சொட்டு பாசிமணி மாதிரி நின்றது. வெளுத்ததில் விழுந்த இடமே தெரியவில்லை.

அவன் தன் குழுவுக்குத் திரும்பியதும் அங்கே சண்டை. மூன்றாவது துண்டுக்காரி தறிக்காரர் வீட்டுப் பெண். “அப்ப எங்க துணி ஒண்ணுக்கும் ஆகாதா?” என்று கேட்டாள். “ஆகாதுன்னு யார் சொன்னா? உங்க துணி வராம எங்கப்பா எதை வெளுப்பாரு?” இந்தப் பதிலை எந்தப் பாடக்குறிப்பிலும் எழுதிவைத்திருக்க முடியாது. ஐந்தாவது துண்டுக்காரன் நடுவில் புகுந்து, இரண்டும் வந்தால்தான் தன் அம்மா சுருட்ட முடியும் என்றான். பிறகு மூன்று பேரும் இன்னும் வாயே திறக்காத பஞ்சுத் துண்டுக்காரனைப் பார்த்தார்கள். அவன் அவசரமாகத் தாளைப் பிரித்தான்.

எல்லாம் இப்படியே நடந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். இரண்டு குழுக்களில் ஒவ்வொருவர் அன்று பள்ளிக்கே வரவில்லை. அந்தத் துண்டு அந்தக் குழுவுக்கு இல்லாமலே போயிற்று. டீச்சர் ஓடி ஓடி வாய்மொழியாகச் சொல்லவேண்டியிருந்தது. எட்டாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைகள் உண்டு. அவர்களில் ஒருத்தி தன் தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்தபடி பத்து நிமிடம் வாசிப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தாள். அவளுக்குத் துண்டு கொடுத்தது உதவியா, கூட்டத்துக்கு நடுவில் காட்டிக்கொடுத்ததா என்று இன்னும் எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த தடவையிலிருந்து துண்டுக்காரர்கள் கூடும் இடத்தில் ஒருவர் இரண்டு முறை சத்தமாக வாசிக்க வேண்டும் என்று டீச்சர் விதி வைத்தார். வராதவர்களுக்காக ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மாற்று ஆள் வைத்தார். சின்ன விஷயங்கள்தான். எந்தப் புத்தகமும் அவருக்கு இதைச் சொல்லியிருக்காது. தப்புச் செய்துதான் கண்டுபிடித்தார்.

ஒரு பாடம் இரண்டரை பீரியட் தின்றது. இங்கேதான் சிக்கல். பொதுத்தேர்வு முடிவுகளில் பல ஆண்டுகள் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்துப் பழகியது விருதுநகர் மாவட்டம். காமராசர் பிறந்த மண், படிப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மேலே வந்த குடும்பங்கள் நிறைய உள்ள மண். அந்தப் பெருமைக்கு ஒரு விலையும் உண்டு. ஆறாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்பு ரிசல்ட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறோம். போர்ஷன் முடிந்ததா, மெல்லக் கற்போர் பட்டியல் தயாரா, சிறப்பு வகுப்பு நடக்கிறதா, எமிஸ் இணையதளத்தில் ஏற்றியாயிற்றா என்ற கேள்விகளுக்கு நடுவில், பேண்டேஜ் துணியில் தண்ணீர் விட்டுப் பார்க்கிற டீச்சர் வேலையில்லாதவராகத்தான் தெரிவார். “டீச்சர், உங்க கிளாஸ் சந்தைக்கடை மாதிரி இருக்கு” என்று மூத்த ஆசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது குற்றச்சாட்டுதான். சத்தம் என்றால் கட்டுப்பாடு இல்லை, அமைதி என்றால் படிப்பு நடக்கிறது என்பது நம் பள்ளிகளில் எழுதப்படாத சட்டம்.

எல்லாப் பாடத்தையும் குழுவில் நடத்தச் சொல்லும் பக்தர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. பின்னக் கழித்தலைக் கரும்பலகையில் நிதானமாகப் போட்டுக் காட்டுகிற நல்ல ஆசிரியருக்கு ஈடு இல்லை. தெரியாத ஐந்து பேர் கூடிப் பேசினால் தெரியாமை ஐந்து மடங்காகலாம். வாரத்துக்கு ஒரு பாடம், அதுவும் துண்டு போட்டால் உடையாத பாடம், போதும். புது ஆசிரியர் ஒருவர் வருடத்துக்கு முப்பது தடவை முயன்று இருபது தடவை தோற்றாலும், பத்து நல்ல பாடம் கையில் இருக்கும். அந்த இருபது தோல்விக்கு நம் பள்ளிகளில் இடம் இருக்கிறதா என்பதுதான் என் கவலை.

இன்னொன்றும் உறுத்துகிறது. பிள்ளைகளைக் கூடிக் கற்கச் சொல்கிற ஆசிரியர் தன் வேலையை முழுக்கத் தனியாகச் செய்கிறார். பாடக்குறிப்பைத் தனியாக எழுதி, கதவைச் சாத்திக்கொண்டு நடத்தி, தோற்றால் தனியாகப் புழுங்குகிறார். ஸ்டாஃப் ரூமில் சம்பளம், மாறுதல், பேத்தியின் காதுகுத்து எல்லாம் பேசுகிறோம். ‘இன்று என் வகுப்பு படுத்துவிட்டது’ என்று மட்டும் யாரும் யாரிடமும் சொல்வதில்லை. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்கள் அதற்காகத்தான் ஏற்பட்டவை. அங்கேயும் திரையில் ஸ்லைடு ஓடுகிறது, ஆசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்து பார்க்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் கையில் மூடி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் தெரியும். முதல் இரண்டு ஆண்டுகள் புது ஆசிரியர் வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட் சக ஆசிரியர் ஒருவர் வந்து உட்காருவதும், அவர் வகுப்புக்கு இவர் போவதும் கால அட்டவணையிலேயே இடம்பெற வேண்டும். ஆய்வுக்கு அல்ல, அறிக்கைக்கும் அல்ல. செலவும் கிடையாது. தலைமையாசிரியர் நினைத்தால் திங்கட்கிழமையே தொடங்கலாம்.

அந்தப் பள்ளியில் அது தற்செயலாகவே நடந்தது. எட்டிப் பார்த்துவிட்டுப் போன அந்தத் தலை பக்கத்து வகுப்புக் கணக்கு ஆசிரியருடையது. ஒரு நாள் தன் ஓய்வு பீரியடில் வந்து, “நான் பாட்டுக்கு ஓரமா இருக்கேன்மா” என்று உட்கார்ந்துவிட்டாராம். கணக்கு வாத்தியார் அல்லவா, சும்மா இருக்க முடியவில்லை. ஒரு தாளில் 41 பெயரையும் எழுதி, யார் பாடம் பற்றி ஒரு வார்த்தையாவது பேசினார்களோ அவர்கள் பெயருக்கு நேராகக் கோடு போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். மணி அடித்ததும் தாளை டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் டீச்சரைப் பார்த்தபோது கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். 34 பெயருக்கு நேராகக் கோடு இருந்தது. சிலருக்கு ஐந்தாறு கோடு. ஏழு பேருக்கு வெறும் இடம். அந்த ஏழையும் சிவப்புப் பேனாவில் வட்டமிட்டிருந்தார். “இதுல மூணு பேருக்கு வாசிக்க வரல சார். அது எனக்குத் தெரியும். மத்த நாலு பேருக்கு நல்லா வாசிக்க வரும். அப்புறம் ஏன் பேசலன்னுதான் யோசிக்கேன்” என்றார். அரையாண்டுக்குள் முடிக்க வேண்டிய பாடம் இன்னும் மூன்று பாக்கி என்றும் சொன்னார். ராஜபாளையம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓடிப்போய் ஏறினார்.